இடது கையில் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பையே காணவில்லை. நான் வெட்டிவிட்டேனா?

மேசை_ஏழு | திங்கள், இரவு 9.40

வணக்கம். எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவன். போன வாரம் எங்கள் டிஸ்செக்ஷன் (உடலை அறுத்துப் படிக்கும்) மேசையில் அக்குளைத் திறந்தோம். இன்று மேற்கையின் முன்பக்கத்துக்கு வந்திருக்கிறோம். இடது கை என் பொறுப்பு.

அக்குளில் எது எந்த நரம்பு என்று குழம்பினால் மேற்கையின் உள்பக்கத்தில் இருக்கும் கோரகோபிராக்கியாலிஸ் தசையைத் தேடு, அதைத் துளைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கும் தசைகளுக்குப் போவதுதான் மஸ்குலோகியூட்டேனியஸ், அதைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பித்தான் கையை வைத்தேன். தசை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு எதுவுமே போகவில்லை. அக்குளில் வெளிப்பக்கமாக இருக்கும் நரம்புக் கட்டான லேட்டரல் கார்டிலிருந்து தடிப்பாக ஒரே ஒரு கிளை இறங்குகிறது. அது ஆக்சிலரி தமனிக்கு முன்னால் உள்பக்கக் கட்டான மீடியல் கார்டின் கிளையோடு சேர்ந்து, முன்கைக்கும் விரல்களுக்கும் போகும் மீடியன் நரம்பாகிவிடுகிறது. ஆங்கில எம் எழுத்து மாதிரி தெரியும் என்பார்களே, எங்கள் மேசையில் அந்த எம்முக்கு ஒரு கால் இல்லை.

வெள்ளிக்கிழமை நேரம் முடியப்போகிறது என்று அவசரமாகக் கொழுப்பை வாரி எடுத்தேன். அப்போது நரம்பையும் சேர்த்து எடுத்துவிட்டேனோ என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்களுக்குப் பொறுப்பான டெமான்ஸ்ட்ரேட்டர் புதன்கிழமைதான் வருவார். அதுவரை தாங்காது போலிருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். இந்த உடல் ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. முதல் நாள் உறுதிமொழி எடுக்கும்போது அதைச் சொன்னார்கள். கவனக்குறைவால் அதைக் கெடுத்துவிட்டேன் என்றால் எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வெண்ணரம்பு | திங்கள், இரவு 10.05

இரண்டாம் ஆண்டு. பதற்றப்படாதே. முதலில் தசையின் உள்பக்கத்தைப் பார்த்தாயா? சிலருக்கு இந்த நரம்பு தசையைத் துளைக்காமல் பக்கவாட்டிலேயே இறங்கி பைசெப்ஸுக்கு அடியில் போய்விடும். துளை இல்லை என்பதால் நரம்பும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

மேசை_ஏழு | திங்கள், இரவு 10.12

பார்த்தேன் அண்ணா. இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை.

ஓய்வு_ஆசிரியர் | திங்கள், இரவு 11.20

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் டிஸ்செக்ஷன் ஹாலில் நின்றவன் சொல்கிறேன். முதலில் தூங்கு. நாளைக்குப் பார்க்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் அது மூன்று இடத்தில் தடயம் விட்டிருக்கும். லேட்டரல் கார்டில் ஒரு முனை தொங்கும். கோரகோபிராக்கியாலிஸில் நரம்பு நுழைந்த வழி இருக்கும், நரம்பு போயிருந்தாலும் அந்தப் பொந்தும் அதைச் சுற்றிய கொழுப்பும் எங்கேயும் போய்விடாது. மூன்றாவது, பைசெப்ஸுக்கும் அதன் அடியில் இருக்கும் பிராக்கியாலிஸ் தசைக்கும் நடுவில் நரம்பின் அடிப்பாதி அப்படியே கிடக்கும். நீ அக்குளில் செய்த தவறு அவ்வளவு கீழே இருப்பதைத் தொட்டிருக்காது.

ஆகவே மேலிருந்து தேடுவதை நிறுத்து. கீழிருந்து மேலே வா. பைசெப்ஸ் ஒரு தசை, பிராக்கியாலிஸ் ஒரு தசை. நரம்பு இல்லாமல் ஒரு தசை எழுபது வருடம் சதைப்பிடிப்போடு இருக்காது, சூம்பிப் போயிருக்கும். சூம்பவில்லை என்றால் எங்கிருந்தோ அதற்கு நரம்பு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பைசெப்ஸை மெதுவாக முன்பக்கம் தூக்கு. அதன் அடிப்பரப்பில் நுழைகிற வெள்ளை இழையைக் கண்டுபிடி. அதை ஃபோர்செப்ஸால் லேசாக இழுத்துப் பார், மேலே எது அசைகிறது என்று கவனி. அசைவதுதான் அதன் தாய்.

இன்னொன்று. ஸ்கால்பெல்லை டிரேயிலேயே வைத்துவிட்டுப் போ. ஃபோர்செப்ஸும் விரலும் போதும். இழை போலத் தெரிவதெல்லாம் நரம்பு இல்லை. சிரை தட்டையாக இருக்கும், விரலில் உருட்டினால் நசுங்கும், உள்ளே உறைந்த ரத்தம் கறுப்பாகத் தெரியும். தமனி ரப்பர் குழாய் மாதிரி. நரம்பு கெட்டியான நூல், நசுங்காது, இழுத்தால் நீளாது.

மேசை_ஏழு | திங்கள், இரவு 11.31

நன்றி ஐயா. நாளை மதியம் இரண்டு மணிக்கு ஹால் திறப்பார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மயக்கவியல்_மதுரை | செவ்வாய், காலை 6.50

மயக்க மருந்துத் துறையில் இருக்கிறேன். எனக்கும் இதன் முடிவு தெரிய வேண்டும், காத்திருக்கிறேன். இந்த நரம்பு இடத்தில் இல்லாத நாள்களை நானும் பார்த்திருக்கிறேன். என்ன, நான் பார்ப்பது உயிருள்ளவர்களின் கையில், அல்ட்ராசவுண்ட் திரையில்.

மேசை_ஏழு | செவ்வாய், இரவு 8.15

ஐயா, கிடைத்துவிட்டது.

இரண்டு மணிக்குப் போனதும் முதலில் லேட்டரல் கார்டைச் சுற்றிச் சுத்தம் செய்து பார்த்தேன். வெட்டுப்பட்ட முனை எதுவும் இல்லை. மார்பின் பெக்டோரல் தசைக்குப் போகும் கிளை ஒன்று, மீடியனுக்குப் போகும் தடித்த வேர் ஒன்று, அப்புறம் நேற்று நான் கவனிக்கவே செய்யாத, தையல் நூல் அளவுக்கு ஒரு மெல்லிய கிளை. அது கார்டிலிருந்து நேராகக் கிளம்பி கோரகோபிராக்கியாலிஸின் உள்பக்கத்தில் நுழைந்து அங்கேயே முடிந்துவிட்டது. மறுபக்கம் வெளியே வரவில்லை. தசையில் பொந்தும் இல்லை.

பிறகு நீங்கள் சொன்ன மாதிரி கீழே போனேன். என் தோழி பைசெப்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அடிப்பரப்பில், கிட்டத்தட்ட மேற்கையின் நடுவில், வெள்ளை இழை ஒன்று இரண்டாகப் பிரிந்து தசைக்குள் போவது தெரிந்தது. ஃபோர்செப்ஸால் மெதுவாக இழுத்தேன். கோரகோபிராக்கியாலிஸ் அசையவில்லை. மீடியன் நரம்பு அசைந்தது. ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து மேலே இருந்த சவ்வை எல்லாம் விரலால் பிரித்துவிட்டு இன்னொரு முறை இழுத்தேன். மறுபடியும் மீடியன்தான். தோழியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் இழுக்கும்போது நான் மேலே மீடியன் நரம்பில் விரலை வைத்திருந்தேன். விரலுக்கு அடியில் அது துள்ளியது.

அதற்குக் கீழே இன்னொரு கிளை. இதுவும் மீடியனிலிருந்துதான். பிராக்கியாலிஸுக்கு ஓர் இழையைக் கொடுத்துவிட்டு, பைசெப்ஸ் தசைநாணுக்கு வெளிப்பக்கமாக எட்டிப் பார்த்து, முன்கைத் தோலுக்கு இறங்குகிறது. மஸ்குலோகியூட்டேனியஸின் கடைசிக் கிளையான லேட்டரல் கியூட்டேனியஸ் நரம்பு எந்த இடத்தில் வர வேண்டுமோ அதே இடத்தில்தான் வருகிறது.

மீடியன் நரம்பு முழங்கைக்கு மேல் எந்தத் தசைக்கும் கிளை கொடுக்காது என்று படித்திருக்கிறோம். இங்கே அதுதான் எல்லாவற்றையும் செய்கிறது. நான் எதையும் வெட்டவில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதுகூடக் கை லேசாக நடுங்குகிறது.

ஓய்வு_ஆசிரியர் | செவ்வாய், இரவு 9.30

நன்றாகத் தேடியிருக்கிறாய் தம்பி. அந்தப் பெண்ணுக்கும் என் பாராட்டைச் சொல்.

இனி என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். கழுத்தில் தண்டுவடத்திலிருந்து வரும் சி5 முதல் டி1 வரையான ஐந்து நரம்பு வேர்களும் சேர்ந்து பிரிந்து பின்னிக்கொள்வதுதான் பிராக்கியல் பிளெக்ஸஸ். தமிழில் புயப் பின்னல் என்று எழுதுகிறோம், பொருத்தமான பெயர். லேட்டரல் கார்டில் சி5, சி6, சி7 இழைகள் ஓடுகின்றன. அதில் சில மீடியனுக்குப் போக வேண்டியவை, சில மேற்கையை மடக்கும் தசைகளுக்குப் போக வேண்டியவை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் அக்குளிலேயே பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்து போகும் இரண்டாவது கட்டுக்குத்தான் மஸ்குலோகியூட்டேனியஸ் என்று பெயர். உன் மேசையில் படுத்திருக்கும் பெரியவருக்கு அவை அக்குளில் பிரியவில்லை. ஒரே உறையில் கீழே வரை வந்து, தசைக்குப் பக்கத்தில் பிரிந்திருக்கின்றன. ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் வழக்கமான ஸ்டாப்பில் இறங்காமல் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்ட மாதிரி.

கரு வளர்ச்சியில் இதற்கு விளக்கம் இருக்கிறது. நாலாவது வாரம் முடியும்போது கை ஒரு மொட்டாகத் துருத்துகிறது. ஐந்தாவது வாரத்தில் நரம்பு இழைகள் அதற்குள் நுழைகின்றன. அப்போது தசைகளே சரியாகப் பிரிந்திருக்காது. எந்த இழை எங்கே போக வேண்டும் என்பதற்கு வழியில் இருக்கும் திசுக்களே வேதிக் குறிப்புகள் கொடுக்கின்றன, சில இழுக்கும், சில தள்ளும். முன்பக்கத்து இழைகள் முதலில் ஒரு கட்டாகவே இறங்குகின்றன, பிறகுதான் கிளைகள் தனியாகின்றன. தனியாகும் நேரமோ இடமோ கொஞ்சம் மாறினால் போதும், நீ பார்த்தது கிடைக்கும்.

1990-இல் லெ மினோர் என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர் இந்த இரண்டு நரம்புகளுக்கும் உள்ள உறவை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒன்றாவது வகையில் இரண்டும் தனித்தனி, பாடநூலில் இருக்கும் படம். இரண்டாவதில் மீடியனுக்குப் போக வேண்டிய இழைகளில் கொஞ்சம் மஸ்குலோகியூட்டேனியஸோடு போய், மேற்கையின் நடுவில் திரும்ப வந்து சேரும். மூன்றாவதில் மீடியனின் லேட்டரல் வேர் முழுவதுமே அப்படிச் சுற்றிக்கொண்டு வரும். நான்காவதில் நிலைமை தலைகீழ், மஸ்குலோகியூட்டேனியஸ் இழைகள் மீடியனோடு இறங்கி, கொஞ்ச தூரம் கழித்து ஒரே நரம்பாகப் பிரியும். ஐந்தாவதில் தனி நரம்பே கிடையாது, மீடியனே தசைகளுக்குக் கிளை விடும். உன்னுடையது ஐந்து.

மேற்கை நரம்புகளில் எது அதிகம் மாறும் என்று கேட்டால் இந்த இருவருக்கும் நடுவிலான இணைப்பைத்தான் சொல்ல வேண்டும். நான் எத்தனையோ முறை இரண்டாம் வகையைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகை அபூர்வம். என் காலம் முழுவதிலும் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் "நரம்பு இல்லை" என்று எழுதாதே. நரம்பு இழைகள் எல்லாம் இருந்தன, தசைகள் வேலை செய்தன, தோலுக்கு உணர்ச்சி இருந்தது. பிரிந்த இடம்தான் வேறு. அதை அப்படியே எழுது.

வெண்ணரம்பு | செவ்வாய், இரவு 10.10

ஐயா, இதில் ஒரு மாற்றுக் கருத்து. கட்டுரைகளில் எல்லாம் "மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு இன்மை" என்றுதானே எழுதுகிறார்கள். தேடுபவருக்கு அந்தச் சொல்லில்தான் கிடைக்கும். நாம் வேறு மாதிரி எழுதினால் அடுத்தவர் கண்ணில் படாமலே போய்விடாதா?

ஓய்வு_ஆசிரியர் | செவ்வாய், இரவு 10.35

நியாயமான கேள்வி. தலைப்பில் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் "இல்லை" என்று எழுதியவர் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பைசெப்ஸுக்கு எங்கிருந்து வந்தது, பிராக்கியாலிஸுக்கு எங்கிருந்து, தோலுக்கு எது போனது, கோரகோபிராக்கியாலிஸுக்கு என்ன ஆயிற்று, மறுபக்கக் கை எப்படி இருந்தது, இந்த ஐந்தும் இல்லாத குறிப்பு அறுவை செய்பவருக்கு உதவாது. இந்தப் பையன் முதல் நான்கையும் எழுதிவிட்டான். ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறேன்.

கால்நடை_நாமக்கல் | புதன், காலை 7.20

கால்நடை மருத்துவன். நீங்கள் அபூர்வம் என்று பேசிக்கொண்டிருப்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆட்டுக்கு இதுதான் இயல்பு.

ஆடு, மாடு, குதிரை மூன்றிலும் மஸ்குலோகியூட்டேனியஸும் மீடியனும் அக்குளில் தமனிக்குக் கீழே ஒரு வளையம் போட்டுச் சேர்ந்துகொள்ளும். ஆன்சா ஆக்சிலாரிஸ் என்று எங்கள் பாடத்தில் வரும். அதற்கு முன்பே கோரகோபிராக்கியாலிஸுக்கும் பைசெப்ஸுக்கும் ஒரு கிளை போய்விடும். மீதி, மீடியனோடு ஒன்றாகவே கீழே இறங்கி, பிறகு பிரிந்து பிராக்கியாலிஸுக்குப் போய் அப்புறம் தோலுக்குப் போகும். தம்பி விவரித்த கீழ்க்கிளை அப்படியே எங்கள் ஆட்டுடையது. (தோலில் மட்டும் எங்கள் பக்கம் அது முன்கையின் உட்புறம் போகும்.)

நாயில் வேறு மாதிரி. அதன் மஸ்குலோகியூட்டேனியஸ் கோரகோபிராக்கியாலிஸைத் துளைப்பதே இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே மீடியனுக்கு ஓர் இணைப்புக் கிளை கொடுக்கும். உங்கள் இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாண்டில் இதை வரையாமல் யாரும் தப்பிக்க முடியாது.

மேசை_ஏழு | புதன், காலை 7.45

அண்ணா, நாய்க்கும் ஆட்டுக்கும் இயல்பாக இருப்பது மனிதரில் எப்போதாவது வருகிறது என்றால் அது பழைய அமைப்பு திரும்பி வருவதா?

கால்நடை_நாமக்கல் | புதன், காலை 8.05

அப்படிச் சொல்ல ஆசையாக இருக்கும், ஆனால் நான் அவசரப்பட மாட்டேன். ஆட்டிலிருந்து மனிதன் வரவில்லை. நான்கு கால் உயிர்கள் எல்லாவற்றிலும் முன்பக்க நரம்புகள் ஒரே பின்னலிலிருந்து பிரிகின்றன, எவ்வளவு சீக்கிரம் பிரிகின்றன என்பதில்தான் வித்தியாசம். ஐயா சொன்ன கரு விளக்கமே போதுமானது என்று நினைக்கிறேன்.

மயக்கவியல்_மதுரை | புதன், காலை 10.30

இப்போது என் பக்கத்துக் கதை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்ய மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்துலா போடுவார்கள். முழு மயக்கம் அவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்து, அதனால் அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைப்போம். கைக்குப் போகும் மீடியன், அல்னார், ரேடியல் நரம்புகள் மூன்றும் தமனியைச் சுற்றியே இருக்கும். மஸ்குலோகியூட்டேனியஸ் மட்டும் அதற்குள் விலகிப் போயிருக்கும், பைசெப்ஸுக்கும் கோரகோபிராக்கியாலிஸுக்கும் நடுவில். அதற்குத் தனியாக மருந்து போட வேண்டும். விட்டுவிட்டால் என்ன ஆகும்? கை முழுக்க மரத்திருக்கும், விரலை அசைக்க முடியாது, எல்லாம் சரி என்று நினைப்போம். சர்ஜன் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் கத்தி வைத்ததும் நோயாளி துள்ளுவார். அந்தத் தோல் லேட்டரல் கியூட்டேனியஸ் நரம்புடையது, அதாவது நாம் மருந்து போடாமல் விட்ட நரம்பின் வால்.

பயிற்சிக் காலத்தில் எனக்கே இது நடந்தது. திரையில் நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தசை. அங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அந்த இடத்தில் மருந்தைப் போட்டேன். அந்த அம்மா அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டது ஒன்றுதான். நரம்பு இடத்தில் இல்லையென்றால் மீடியனைப் பிடித்துக்கொண்டு அல்ட்ராசவுண்ட் புரோபை முழங்கை வரை இறக்கிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு துண்டு பிரிந்து பைசெப்ஸுக்கு அடியில் போகும். தெரிந்துவிட்டால் மீடியனைச் சுற்றிப் போடும் மருந்தே இதற்கும் சேர்த்து வேலை செய்யும்.

நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவியை வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். மீடியன் என்று ஊசியை வைத்தால் மணிக்கட்டும் விரல்களும்தான் மடங்க வேண்டும். முழங்கையும் சேர்ந்து மடங்கினால் ஊசி தவறான இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தத் தம்பியின் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்குளம் | புதன், பிற்பகல் 1.15

மன்னிக்கவும், நான் மருத்துவம் படித்தவன் இல்லை. கூகுளில் தேடி இங்கே வந்தேன். என் தம்பி நான்கு மாதத்துக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்தான். வலது தோளைத் தூக்க முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை. விரல்கள் அசைகின்றன. கழுத்தில் நரம்பு அறுந்திருக்கிறது, வேறு நரம்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர், "நரம்பு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும், திறந்து பார்த்துதான் சொல்ல முடியும்" என்றார். அது எங்களுக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே நரம்பே இல்லாமல் இருந்தால் என்ன செய்வார்கள்? இது பரம்பரை நோயா? அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

கை_அறுவை | புதன், பிற்பகல் 3.40

கை அறுவை சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். உங்கள் தம்பியை நான் பரிசோதிக்கவில்லை, ஆகவே பொதுவாக மட்டும் சொல்கிறேன். முடிவை அவருடைய மருத்துவரிடமே எடுங்கள்.

முதலில் இது நோய் இல்லை. நரம்பு பிரியும் இடம் மாறியிருப்பவர்கள் வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்குவார்கள், எழுதுவார்கள், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், எதுவும் தெரியாது. உங்கள் தம்பிக்கு நடந்தது அடிபட்டதால் வந்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மேல் வேர்கள், அதாவது சி5, சி6 பாதிக்கப்பட்டிருக்கலாம். இதற்கு 1994-இல் ஒபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய முறையை உலகம் முழுக்கச் செய்கிறார்கள். கையில் ஓடும் அல்னார் நரம்பு நலமாக இருந்தால் அதற்குள் இருக்கும் பல கட்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, பைசெப்ஸுக்குப் போகும் கிளையில் நேரடியாக இணைப்போம். கையின் பலம் குறைவது பெரும்பாலும் தெரியாது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். இணைக்கும் இடம் தசைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது போய்ச் சேர அதிக காலம் ஆகாது. இதன் அருமையே அதுதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நமக்கு வேண்டியது பைசெப்ஸுக்குள் நுழையும் கிளை. அது மஸ்குலோகியூட்டேனியஸிலிருந்து வருகிறதா, மீடியனிலிருந்து வருகிறதா என்பது இரண்டாவது விஷயம். மேலே ஆசிரியர் ஐயா அந்த மாணவனுக்குச் சொன்ன வழியைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம், தசையிலிருந்து பின்னோக்கிப் போகிறோம். கிளை இல்லாத பைசெப்ஸ் கிடையாது. மாறியிருப்பது தெரியாமல் மேலே எங்காவது இணைத்துவிடுவதுதான் ஆபத்து. உங்கள் டாக்டர் அதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார் என்றுதான் அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பில்லாமல் கிடந்த தசைக்குப் பிறகு நரம்பு போய்ச் சேர்ந்தாலும் அது பழையபடி வேலை செய்வது கடினம். யோசிக்கலாம் யோசிக்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

தாமரைக்குளம் | புதன், பிற்பகல் 4.05

மிக்க நன்றி டாக்டர். அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மாதான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

ஓய்வு_ஆசிரியர் | புதன், மாலை 5.30

பரம்பரையா என்று கேட்டிருந்தார். இந்த நரம்புக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மேற்கையில் இன்னொரு மாறுபாடு குடும்பத்தில் வந்தது பதிவாகியிருக்கிறது. சொன்னால் மாணவர்களுக்கும் பிடிக்கும்.

மேற்கை எலும்பின் உள்பக்கத்தில், முழங்கைக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவு மேலே, நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்குச் சின்னதாக ஒரு எலும்பு முளை இருக்கும். அதிலிருந்து ஒரு நார் கீழே இறங்கி உள்பக்க எலும்பு முனையில் ஒட்டும். அந்த வாசலுக்குள்தான் மீடியன் நரம்பு போகும், பெரும்பாலும் பிராக்கியல் தமனியும் கூடப் போகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்ட்ரதர்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதை விவரமாக எழுதினார், நாருக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு தகப்பனுக்கும் அவருடைய ஏழு பிள்ளைகளில் நான்கு பேருக்கும் இது இருந்ததை அவர் கண்டார். மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலின் 1874 பதிப்பில் டார்வின் இந்தக் குடும்பத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த நார் சிலருக்கு மீடியனை நெரிக்கும். கை மரத்துப்போகிறது என்று வந்தால் எல்லோரும் மணிக்கட்டில் மீடியன் நுழையும் குறுகிய வழியான கார்ப்பல் டனலைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மேற்கையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

கால்நடை_நாமக்கல் | புதன், மாலை 6.00

பூனைக்கு அந்த வாசல் முழு எலும்பாகவே இருக்கும் ஐயா! மீடியன் நரம்பும் பிராக்கியல் தமனியும் அந்தத் துளை வழியாகத்தான் போகும். பூனைக்கு மேற்கை எலும்பு முறிந்தால் தகடு வைக்கும்போது எங்களுக்கு இதே கவலைதான்.

கை_அறுவை | புதன், மாலை 6.20

மருத்துவ மாணவர்கள் படிப்பதால் இதையும் சேர்க்கிறேன். தோள் நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு தோள்பட்டை எலும்பின் கோரக்காய்டு முனையை வெட்டி இடம் மாற்றி வைக்கும் அறுவை ஒன்று உண்டு. மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு தசைக்குள் நுழையும் இடம் கோரக்காய்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். 1989-இல் வந்த ஓர் ஆய்வில் அந்தத் தூரம் 31 மில்லிமீட்டரிலிருந்து 82 வரை இருந்தது, சராசரி 56. சராசரியை நம்பி இழுத்தால் 31 உள்ளவருக்கு நரம்பு அடிபட்டுவிடும். விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் எதையும் இழுப்பதில்லை.

அதே போல, கையில் வெட்டுக் காயத்தோடு வரும் ஒருவர் விரலையும் மடக்கவில்லை, முழங்கையையும் சரியாக மடக்கவில்லை என்றால் காயம் இரண்டு இடத்தில் இருக்கிறதோ, கழுத்திலும் ஏதாவது இருக்கிறதோ என்று அலைவோம். இந்தப் பெரியவருக்கு அப்படி மேற்கையின் மேல்பாதியில் மீடியன் ஒன்று வெட்டுப்பட்டிருந்தாலே அத்தனையும் நடந்திருக்கும்.

முதலாண்டு_மூன்றாம்_மேசை | புதன், இரவு 7.50

எல்லாம் சரி, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன சொல்வது? எக்ஸாமினர் மீடியனின் கிளைகளைக் கேட்டால், மேற்கையில் கிளை இல்லை என்பதா, இருக்கலாம் என்பதா? போன தேர்வில் ஒரு சீனியர் ஏதோ மாறுபாட்டைச் சொல்லப் போய், படத்தில் இருப்பதைச் சொல் என்று திட்டு வாங்கினார்.

ஓய்வு_ஆசிரியர் | புதன், இரவு 8.20

முதலில் இயல்பைச் சொல். "வழக்கமாக மேற்கையில் தசைக் கிளை இல்லை." பிறகு, நீயே பார்த்திருந்தால் மட்டும், "எங்கள் ஹாலில் ஒரு கையில் பைசெப்ஸுக்கு மீடியனிலிருந்து கிளை வந்தது, நான் பார்த்தேன்" என்று சொல். படித்ததை ஒப்பிப்பவனுக்கும் பார்த்ததைச் சொல்பவனுக்கும் வித்தியாசம் எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும். நான் எக்ஸாமினராக உட்கார்ந்த இடங்களில் அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே காத்திருந்திருக்கிறேன். திட்டியவர் செய்தது சரியில்லை.

கோரகோபிராக்கியாலிஸின் பழைய பெயரே கவனித்துப் பார்த்தவரால் வந்ததுதான். படுவாவில் இருந்த காசேரியோ, 1616-இல் இறந்தவர், அந்தத் தசையை நரம்பு துளைத்துப் போவதைக் கண்டு எழுதினார். வெகுகாலம் அதைக் காசேரியோவின் துளைபட்ட தசை என்றே சொன்னார்கள். அவருக்கு இந்த ஏழாம் மேசை கிடைத்திருந்தால் இந்தப் பெயரே வந்திருக்காது.

மேசை_ஏழு | புதன், இரவு 9.55

டெமான்ஸ்ட்ரேட்டர் மேடம் வந்துவிட்டார். நான் பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமை அவசரப்பட்டதையும் சேர்த்து. அவர் ஒன்றும் சொல்லாமல் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கிளையாக இழுத்துப் பார்த்தார். பிறகு மஞ்சள் நூல் கொண்டுவரச் சொன்னார். மீடியன், பைசெப்ஸ் கிளை, பிராக்கியாலிஸ் கிளை மூன்றிலும் நூல் கட்டியிருக்கிறோம். மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தக் கையை இதற்கு மேல் யாரும் அறுக்கக் கூடாது என்று மேசையில் சீட்டு ஒட்டியிருக்கிறது.

ஐயா கேட்ட ஐந்தாவது விஷயம்: வலது கையை என் தோழியும் நானும் சேர்ந்து பார்த்தோம். அங்கே மஸ்குலோகியூட்டேனியஸ் இருக்கிறது. தசையைத் துளைத்துக்கொண்டு அழகாகப் போகிறது. மீடியனோடு இணைப்பு எதுவும் இல்லை. ஒரே ஆளுக்கு ஒரு கை ஐந்தாம் வகை, மறு கை ஒன்றாம் வகை.

பைசெப்ஸுக்கு வழக்கமான இரண்டு தலைகளோடு (தசை தொடங்கும் பிரிவுகளோடு) மூன்றாவது தலை இருக்கிறதா என்றும் மேடம் பார்க்கச் சொன்னார், இந்த மாதிரி நரம்பு மாறுபாட்டோடு சில சமயம் அதுவும் சேர்ந்து வருமாம். இரண்டு கையிலும் இரண்டு தலைதான்.

பெரியவரின் வயது 71 என்று பதிவேட்டில் இருக்கிறது. தச்சு வேலை செய்தவராம். எழுபது வயது வரை அந்த இடது கையால்தான் மரத்தை அழுத்திப் பிடித்திருப்பார்.

ஓய்வு_ஆசிரியர் | புதன், இரவு 10.10

கோரக்காய்டு முனையிலிருந்து பைசெப்ஸ் கிளை பிரியும் இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தாயா? இரண்டு கையிலும் அளந்து எழுது. நூல் கட்டியதால் நரம்பு இழுபட்டிருக்கும், நூல் முடிச்சைத் தளர்த்தி நரம்பை நேராக்கிவிட்டு அள.

மேசை_ஏழு | புதன், இரவு 10.14

அளக்கவில்லை ஐயா. நாளை மதியம் இரண்டு மணிக்கு.